கதை திரும்பி வந்துவிட்டது: மறுபடி அனுப்பவா, அச்சடிக்கவா, ஆறப்போடவா?

முதன்முதலாக என் கதை திரும்பி வந்தது 2004-ல். அப்போதெல்லாம் கதையோடு கூடவே, போதிய தபால்தலை ஒட்டி நம் விலாசத்தை எழுதிய கவர் ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். அதனால் மில்லில் அன்றைய கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, மேசைமேல் என் கையெழுத்திலேயே எனக்கு ஒரு தபால் கிடந்தது. உள்ளே என் பதினொரு பக்கமும், அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்றும். ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ முதல் பக்க மூலையில் குண்டூசி துருப்பிடித்து, காகிதத்தில் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது. மழைக்காலம் முழுக்க எங்கேயோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. யாராவது இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்களா என்று அந்தக் கோட்டை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இப்போது துண்டுச்சீட்டும் இல்லை. மின்னஞ்சலில் அனுப்புகிறோம், கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கிறது. மூன்று மாதம் கழித்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கதைக்கும் நோட்டு போட்டு வைத்திருக்கிறேன்: கதையின் பெயர், இதழ், அனுப்பிய தேதி, பதில். இன்றைய தேதிவரை 63 முறை அனுப்பியிருக்கிறேன். 11 வெளிவந்தன. 19-க்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது. மீதி 33-க்குப் பதிலே இல்லை. இந்த யோக்கியதையில்தான் பேசுகிறேன். பெரிய எழுத்தாளர் யாராவது சொன்னால் இதைவிட நன்றாக இருக்கும். ஆனால் பெரிய எழுத்தாளர்களுக்குத் தங்கள் கதை திரும்பி வந்த காலம் பாதி மறந்துபோயிருக்கும், மீதி அழகாகியிருக்கும்.

கதை திரும்பி வந்தது என்று யாரிடமாவது சொன்னால் உடனே ஹாரி பாட்டர் வந்துவிடுகிறார். 12 பதிப்பகங்கள் வேண்டாம் என்றன, அப்புறம் உலகமே வாங்கியது என்று. உண்மைதான். ஆனால் 12 இடத்திலும் திரும்பி, அத்தோடு பரணுக்குப் போன கதையை யாரும் பார்வர்ட் செய்வதில்லையே. அந்த மாதிரி ஆறுதலால் அன்று ராத்திரி தூக்கம் வரும். மறுநாள் காலை அந்தக் கதையை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

என்ன செய்யலாம் என்றால், வழி நாலைந்து இருக்கிறது. வேறு இதழுக்கு அனுப்பலாம். ஆறப்போட்டுத் திருத்தலாம். நாமே இணையத்தில் போடலாம். கைக்காசு போட்டுப் புத்தகமாக்கலாம். போட்டிக்கு அனுப்பலாம். இவற்றை எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். எது சீக்கிரம் வெளிவரும், எதில் செலவு குறைவு, எதில் மரியாதை என்றெல்லாம் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன், நாவலாசிரியர் ப. சிங்காரத்தைப் பற்றிப் படிக்கும்வரை.

சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்தவர். 1938-ல் இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்கு வேலைக்குப் போய், போரெல்லாம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். 1950-ல் எழுதிய முதல் நாவலுக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. கடைசியில் கலைமகள் நாவல் போட்டிக்கு அனுப்பி, அது முதல் பரிசு வாங்கியபோது 1959 ஆகிவிட்டது. இரண்டாவது, ‘புயலிலே ஒரு தோணி’. 1962 வாக்கில் எழுதியது 1972-ல்தான் அச்சானது. இன்றைக்குத் தமிழில் பத்து நாவல் சொல்லச் சொன்னால் பலரும் அதைச் சேர்ப்பார்கள். ஆக, இரண்டும் வெளிவந்தன, இரண்டும் நின்றன. ஆனால் மூன்றாவது நாவல் கிடையாது. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் பல வருடம் தனி ஆளாக இருந்தவர், 1997-ல் இறந்தார். நடுவில் இருபத்தைந்து வருடம். அவர் எழுதாமல் விட்டது எதுவோ, அதற்கு யாரும் விமர்சனம் எழுத முடியாது.

அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் ஒன்றுதான். திரும்பி வந்த கதை எப்படியோ போகட்டும், இந்த வழியில் போனால் அடுத்த கதையை எழுதுவேனா மாட்டேனா?

முதல் பத்து நாள்

எந்த வழியாக இருந்தாலும் முதல் பத்து நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 2015-ல் ஒரு கதை திரும்பிய அன்றே முகநூலில் ‘தமிழ் இலக்கியத்தின் குழு அரசியல்’ என்று நீளமாக எழுதிப் போட்டேன். 87 லைக். அதில் பத்துப் பேராவது கதை எழுதுகிறவர்கள், அவர்களுடைய கதையும் அந்த வாரம் எங்கிருந்தோ திரும்பியிருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிவரை கமெண்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு வைத்திருந்த சூடு மொத்தமும் அதில் போய்விட்டது. குழு அரசியல் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். தெரிந்தவர் கதை முதலில் படிக்கப்படுவது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்து எனக்கு என்ன லாபம்? என் கதையின் நான்காம் பக்கம் அப்போதும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆசிரியருக்கு போன் போட்டு ‘ஏன் சார் போடவில்லை’ என்று கேட்பதும் இதே வகைதான். கேட்காதீர்கள். அவருக்கு ஞாபகம் இருக்காது. நமக்கு அது இன்னும் வலிக்கும்.

அந்தப் பத்து நாளில் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: வந்தது எந்த மாதிரி ‘இல்லை’ என்று பிரித்துப் பார்ப்பது. மௌனம் என்றால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. படித்துப் பிடிக்காமல் போயிருக்கலாம், படிக்காமலே இருந்திருக்கலாம், ஸ்பாமில் கிடக்கலாம். அச்சடித்த வரி வந்தால் படித்தார்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். யாராவது மெனக்கெட்டு ஒரு வரி எழுதியிருந்தால் அது வேறு. எனக்கு 19-ல் மூன்று அப்படி வந்தது. ஒன்றில், ‘முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது’ என்று இருந்தது. இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். வாசகனுக்குத் தெரியட்டும் என்றுதானே எழுதினேன் என்று வீட்டில் விளக்கம் வேறு. மூன்றாவது வாரம் எடுத்துப் படித்தால், முதல் பத்தியிலேயே பாட்டி இருமுகிறாள். பாட்டி இருமினால் கடைசியில் என்ன ஆகும் என்று எந்தத் தமிழ் வாசகருக்குத் தெரியாது?

அப்படியே வேறு இதழுக்கு

இந்த வழிக்கு ஆதரவாகப் பேசுவது எளிது. ஒரு மாத இதழ் மாதத்துக்கு இரண்டு கதை போடுகிறது என்றால் வருடத்துக்கு 24 இடம்தான். அதில் பாதி ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்குப் போகும். வார இதழ்களில் கதைக்கு இருந்த பக்கமும் குறைந்துகொண்டே வருகிறது. கல்கி 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கே போய்விட்டது. ஆகவே திரும்பி வந்ததாலேயே கதை மோசம் என்று ஆகிவிடாது. ஓர் இடத்துக்கு ஆகாதது இன்னோர் இடத்துக்கு ஆகும். காலச்சுவடு மாதிரி இலக்கிய இதழுக்கு எழுதுகிற கதையும் குடும்ப இதழுக்கு எழுதுகிற கதையும் ஒன்றாகவா இருக்கிறது? தவறான வாசலில் போய் நின்றுவிட்டு, வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். இப்போது சொல்வனம், வல்லினம், கனலி என்று இணைய இதழ்களும் இருக்கின்றன. பக்கக் கணக்கு அவற்றுக்குப் பெரிய பிரச்சினை இல்லை என்பதால் நீளமான கதைக்கு அங்கே வாய்ப்பு கூடுதல்.

இதழில் வருவதற்கு இன்னொரு லாபமும் உண்டு. நம்மைத் தெரியாத ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதால் அடுத்தவர்களும் எடுத்துப் பார்ப்பார்கள். இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970-ல் தொடங்கி மாதம் ஒரு நல்ல சிறுகதையைத் தேர்ந்தெடுத்தபோது, இதழ்களில் வந்த கதைகளிலிருந்துதான் தேர்ந்தெடுத்தது.

பாதகம் காலம். ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு ஒரே கதையை அனுப்பக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். ஓர் இதழுக்கு மூன்று மாதம் காத்திருப்பது என்று வைத்தால், நாலு இதழைச் சுற்றி வர ஒரு வருடம். கையில் ஒரே கதை இருக்கிறவருக்கு இது சித்திரவதை. தினமும் பத்து முறை மின்னஞ்சலைத் திறப்பார், வேறு எதுவும் எழுத ஓடாது. கையில் ஐந்து கதை இருக்கிறவருக்கு இதே வழி சுகமானது. ஒன்று திரும்பினால் மற்ற நான்கும் எங்கேயோ பயணத்தில் இருக்கும். என் நோட்டின் பிரயோஜனமே இதுதான். திரும்பி வந்த தேதியை எழுதி, பக்கத்திலேயே அடுத்த இதழின் பெயரையும் எழுதிவிட்டால் கதைக்குப் போக்கிடம் இருக்கிறது என்ற நிம்மதி.

ஆனால் திருத்தாமல் சுற்றவிடுவதற்கு நான் எல்லை வைத்திருக்கிறேன். மூன்று இடம். மூன்றிலும் போகவில்லை என்றால் குறை இதழ்களிடம் இல்லை.

ஆறப்போட்டுத் திருத்துவது

எனக்கு மிகவும் பலன் தந்ததும், மிகவும் வெறுத்ததும் இந்த வழிதான்.

2009-ல் லேத் பட்டறைக் கதை ஒன்று எழுதினேன். பட்டறையில் விரலை இழந்த ஒருவர், பெண் பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் கையைக் காட்டாமல் மறைக்கிற கதை. இரண்டு இதழ்களிலிருந்து திரும்பியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்து, ‘எப்படி இருக்கிறது, சொல்லுங்கள் ஐயா’ என்றேன். ‘நல்லா இருக்குது தம்பி’ என்றார். இது பிரயோஜனம் இல்லாத கேள்வி, பிரயோஜனம் இல்லாத பதில். கதை எழுதிய ஆள் வாசலில் நின்றுகொண்டு கேட்டால் வேறு என்ன சொல்வார்?

அடுத்த தடவை வேறு மாதிரி கேட்டேன். கையில் பென்சிலையும் கொடுத்தேன். ‘படிக்கும்போது எங்கே கண் வேறெங்காவது போகிறதோ, எங்கே வைத்துவிட்டு காபி குடிக்கப் போகலாம் என்று தோன்றுகிறதோ, அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.’ மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் நாலு புள்ளி. இரண்டாம் பக்கத்தில் ஆறு. மூன்றாம் பக்கத்தின் நடுவில், அந்த ஆள் காபி டம்ளரை இடது கையால் வாங்குகிற இடத்தில், புள்ளிக்குப் பதிலாக நீளமாக ஒரு கோடு. அதற்கப்புறம் கடைசிவரை ஒரு புள்ளியும் இல்லை.

‘தம்பி, கதை இங்கதான் ஆரம்பிக்குது’ என்றார்.

‘அப்ப முதல் ரெண்டு பக்கம்?’

‘அது நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டினது.’

அந்த இரண்டு பக்கத்தில் பட்டறையின் வரலாறு இருந்தது, ஆயுதபூஜை வர்ணனை இருந்தது, நான் மிகவும் ரசித்து எழுதிய இரும்புத்தூள் வாசனை இருந்தது. வெட்ட மனசே வரவில்லை. எட்டு மாதம் அலமாரியில் போட்டுவிட்டேன். அப்புறம் எடுத்தபோது வெட்டுவதற்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கங்களை எழுதியவர் யாரோ என்பதுபோல் இருந்தது. டம்ளரில் தொடங்கும் கதை முதல் முயற்சியிலேயே பிரசுரமானது.

ஆக, ஆறப்போடுவதில் வேலை செய்வது காலம்தான், நாம் இல்லை. நேற்று எழுதியதைப் படிக்கும்போது பக்கத்தில் இல்லாததையும் மனசு நிரப்பிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்துப் படித்தால் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஒருநாள் ராத்திரியில் திருத்திவிட்டு ‘ஆறப்போட்டேன்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பாதகம் என்ன? திருத்துவது போதையாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே நாவலைப் பதினாறு வருடமாகத் திருத்துகிறார். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதுவார். அந்த அத்தியாயம் இப்போது பிரமாதமாக இருக்கிறது. நாவலின் பாக்கி பகுதி 2008-லேயே நிற்கிறது. என் அளவுகோலில் இது தேறாது. ஆறப்போட்ட கதை அலமாரியில் இருக்கும்போது மேசைமேல் வேறு கதை இருந்தால்தான் இந்த வழி வழி.

படிக்கக் கொடுப்பவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மனைவி, தம்பி, ஆபீஸ் நண்பர் வேண்டாம். கதை எழுதுகிற இன்னொருவரும் முதலில் வேண்டாம். அவர் தன் கதையாக மாற்றிவிடுவார். நிறையப் படித்து, ஆனால் எழுத ஆசைப்படாத ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

நாமே இணையத்தில்

பிரதிலிபி மாதிரி தளங்கள், அமேசானின் கிண்டில் மின்னூல், சொந்த வலைப்பூ. பைசா செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்று ராத்திரி போட்டால் நாளைக் காலை ஆள் படித்திருக்கும். நானும் 2018-ல் பதினான்கு பாகமாகத் தொடர் ஒன்று போட்டேன். அதில் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. ஒரு பாகத்தை எங்கே நிறுத்தினால் படிப்பவர் திரும்ப வருவார் என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அந்தப் பதினான்கு வாரம் சொல்லிக்கொடுத்தது. ஏழாம் பாகத்திலிருந்து வாசகர்கள் மாமியாரைத் திருத்தச் சொன்னார்கள். நல்ல மனுஷி, பாவம், திருந்தட்டும் என்று. பத்தாம் பாகத்தில் திருத்தியும் விட்டேன். கதை அங்கேயே செத்துப்போனது. ‘அருமை, அடுத்த பாகம் எப்போது’ என்று அதன்பிறகும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நிராகரிப்பு வலிக்கிறது என்று இணையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நிராகரிப்பு இல்லாமல் இல்லை. இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘இல்லை’ என்கிறது. ‘படித்தவர்கள்: 11’ என்ற எண், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் தாங்க முடியவில்லை. அந்த எண்ணைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் தாராளமாகப் போகலாம்.

விவரம் இரண்டு. இதழ்களும் போட்டிகளும் ‘வேறெங்கும் வெளிவராத படைப்பு’ என்று கேட்கும்போது வலைப்பூவும் முகநூலும் அதில் அடக்கம். ஆத்திரத்தில் இணையத்தில் போட்டுவிட்டால் அந்தக் கதைக்கு மற்ற வாசல்கள் மூடியாகிவிட்டது. அதேபோல் கிண்டிலில் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தால், 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் மின்வடிவில் தரக் கூடாது. டிக் அடிக்கும் முன் படித்துவிடுங்கள். தொடர்கதை, குடும்பக் கதை, துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு இணையம்தான் முதல் வாசல் என்பேன், கடைசி வாசல் என்று நினைத்துப் போக வேண்டியதில்லை. ஐந்து பக்கத்தில் அடங்கிய, மெதுவான கதை எழுதுகிறவர்களுக்கு அங்கே காற்று இல்லை.

கைக்காசு போட்டுப் புத்தகம்

எங்கள் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த அண்ணன் ஒருவர், பதிமூன்று கதைகளை எட்டு வருடம் எல்லா இதழுக்கும் அனுப்பி அலுத்து, 2011-ல் ‘போதும்டா’ என்று புத்தகம் போட்டார். 500 பிரதி. சொசைட்டியில் லோன். அவருடைய சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தை மாதாமாதம் ஏற்றியவன் நான்தான், 24 மாதம். ஒவ்வொரு மாதமும் அந்த வரியை எழுதும்போது, ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு இதுதான் உண்மையான மதிப்புரை என்று தோன்றும்.

பதிப்பகம் என்று சொல்லிக்கொண்ட இடம் பணத்தை வாங்கி, அச்சடித்து, பத்துக் கட்டாகக் கட்டி அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மெய்ப்பு பார்க்கவில்லை. ‘மழை’ பாதி இடத்தில் ‘மலை’. கடைகளுக்கு அனுப்புவார்கள் என்று இவர் நினைத்திருந்தார், அப்படி யாரும் சொல்லவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. இரண்டாம் வருடம் ராமபாணப் பூச்சி வந்தது. மகளின் காதுகுத்து விசேஷத்துக்கு அண்ணி ஒரு யோசனை சொன்னார். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு புத்தகம். கட்டிலுக்கு அடியில் கூட்ட முடிந்தால் போதும் அவருக்கு.

சொந்தக்காரர் ஒருத்தரும் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு போன். விசேஷத்துக்கு மைக் செட் போட்டவர். ‘அண்ணே, அந்த மூணாவது கதையில, அந்த ஆளு கடைசியில ஊருக்குப் போனானா இல்லையாண்ணே? நாலு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.’ மறுநாள் காலை மில் கேட்டிலேயே நிறுத்தி இதைச் சொன்னார் அண்ணன். முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த வாரமே புதுக் கதை ஆரம்பித்தார். இன்றைக்கும் எழுதுகிறார்.

இதனால்தான் சொந்தப் பதிப்பை ஒரேயடியாக வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. மலையாள வழியில் படித்தவர். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை 1988-ல் தானே வெளியிட்டார். அடுத்தடுத்து எழுதினார், ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. அதே நேரம் பாரதியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1920-ல் கடையத்திலிருந்து அவர் போட்ட திட்டத்தில் 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி. மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று கணக்கு எழுதி, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டார். நடக்கவில்லை. பாரதியின் கணக்கே தப்பியது என்றால் நம் கணக்கு எம்மாத்திரம். மீரானுக்கு வியாபாரம் இருந்தது என்பதை இந்த இடத்தில் நான் மறப்பதில்லை.

போடுவதென்றே முடிவு செய்தால் என் யோசனை: கேட்டவுடன் அச்சடிக்கும் முறையில் 50, 100 பிரதி மட்டும். பிரதிக்கு விலை கூடத்தான் செய்யும், ஆனால் கட்டிலுக்கு அடியில் இடம் மிச்சம். எத்தனை பிரதி, யார் மெய்ப்பு பார்ப்பது, யார் கடைக்கு அனுப்புவது, உரிமை யாரிடம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாகப் பணம் கேட்டால் உஷாராகுங்கள், இந்தியாவில் அது இலவசம். சென்னைப் புத்தகக் காட்சியில் உங்கள் புத்தகம் அடுக்கப்படும் என்றால் எந்த அரங்கில், எத்தனை பிரதி என்று கேளுங்கள். ஜனவரியில் போய்ப் பார்த்து, தன் புத்தகம் எங்கே என்று தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். கடன் மட்டும் வேண்டாம்.

போட்டி, அப்புறம் சொந்தப் பத்திரிகை

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடிவு தேதி இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கும் அல்லது இருக்காது, அத்தோடு விஷயம் முடிந்தது. மௌனத்தில் வாடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வார்த்தைக் கணக்கு வேறு இருப்பதால் ஊளைச்சதை குறையும். சிங்காரத்துக்குத் திறந்ததும் இந்தக் கதவுதான். நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து எழுதத் தொடங்கினால் மட்டும் கெட்டது. வருடத்துக்கு ஒன்றிரண்டு அனுப்புகிறேன்.

‘யாரும் போடாவிட்டால் நாமே பத்திரிகை ஆரம்பிப்போம்’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-லிருந்து 1970 வரை ‘எழுத்து’ நடத்தினார். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழில் புதுக்கவிதைக்கு அந்தப் பத்திரிகை செய்தது பெரிய காரியம். ஆனால் அது அடுத்தவர் எழுத்துக்குச் செய்த காரியம். நம் கதை திரும்பி வந்த கோபத்தில் தொடங்கும் பத்திரிகை மூன்றாவது இதழோடு நின்றுவிடும், அதற்குள் நாமும் பத்துப் பேர் கதையைத் திருப்பி அனுப்பியிருப்போம்.

என்னைக் கேட்டால்

கையில் இருப்பது ஒன்றிரண்டு கதைகள்தான் என்றால்: முதலில் திரும்பியதை அலமாரியில் போடுங்கள், அடுத்ததை எழுதுங்கள். அனுப்பும் சுற்றை ஐந்து கதை சேர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஐந்தாறு கதை இருந்து எல்லாம் அங்கங்கே திரும்பிக்கொண்டிருந்தால்: நோட்டு போட்டுச் சுற்றவிடுங்கள். மூன்று இடத்தில் போகாத கதையைப் பென்சிலோடு ஒருவரிடம் கொடுங்கள்.

பத்துப் பதினைந்து வருடம் எழுதி, பாதிக் கதைகள் எங்கெங்கோ வெளியாகி, தொகுப்புக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்றால்: கடன் இல்லாமல் முடியும் என்றால் 100 பிரதி போடுங்கள். அலுப்பில் நின்றுவிடுவதைவிட அது மேல். தொடர்கதைக்காரராக இருந்தால் இதில் எதையும் படிக்காமல் நேராக இணையத்துக்குப் போயிருக்கலாம்.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒன்று திரும்பி வந்தது, மூன்றாவது இடத்திலிருந்து. நோட்டில் தேதியை எழுதி, பக்கத்தில் ‘மாசி’ என்று எழுதியிருக்கிறேன், அதற்கு முன்னால் எடுப்பதாக இல்லை. பென்சில் பிடித்த ஐயா காலமாகிவிட்டார். அவருடைய மருமகள் நூலகத்தில் வேலை பார்க்கிறார், அவரிடம் கேட்டிருக்கிறேன். இதற்கு நடுவில் சலூன் கதை ஒன்று மேசைமேல் இருக்கிறது. இரண்டாம் பக்கம். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், துணியும் போர்த்தியாகிவிட்டது. முடி வெட்டுகிறவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.